டாக்குமென்டேஷன் கருவிகள் பிறந்த கதை

"எந்த டூல் நல்ல டூல்?" பெரம்பலூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு, சென்னையிலோ பெங்களூரிலோ டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. அலுவலகத்தில் நாலைந்து மென்பொருள்களின் பெயரைக் கொடுத்து, ஒப்பிட்டு அட்டவணை போடச் சொல்லியிருப்பார்கள். விலை, வசதி, எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்று கட்டம் கட்டி டிக் அடித்தால் எல்லாக் கருவிகளும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கிவிடும். அட்டவணையில் தெரியாத வித்தியாசம் அவை பிறந்த கதையில் தெரிந்துவிடும். ஒவ்வொரு கருவியும் யாரோ சிலரைப் படுத்திய ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்காகப் பிறந்தது. அதே சிக்கல் உங்களுக்கும் இருந்தால்தான் அது உங்களுக்கு உதவும்.

அந்தச் சிக்கல்களின் தாய்ச்சிக்கல் ஒன்று உண்டு. ஒரே செய்தியைப் பல இடத்தில் எழுதி வைப்பது. பிறகு ஓரிடத்தில் திருத்தி, மற்ற இடங்களில் திருத்த மறப்பது.

கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஆட்கள் இதைச் சந்தித்திருக்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் வழியில் இருக்கிற வாலிகண்டபுரத்தில், வாலீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயில் கல்வெட்டு என்றால் பெரும்பாலும் கொடுத்த நிலம், அதன் எல்லை, வரி, யார் பொறுப்பு என்ற விவரம்தான், அசல் ஆவணம். கோயிலைப் பிரித்துக் கட்டினால் அந்த ஆவணம் என்ன ஆகும்? திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் பழைய கோயிலைக் கற்றளியாக எடுத்துக் கட்டியபோது, பழைய கற்களில் கிடந்த சாசனங்களைப் புதிய சுவரில் திரும்ப வெட்ட வைத்தார். அவை பழைய கல்லிலிருந்து எடுத்த படிகள் என்ற குறிப்பும் கூடவே வெட்டப்பட்டது. எது மூலம், எது படி என்று ஆயிரம் ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் தெரிகிறது. இன்று கணினியில் காப்பி பேஸ்ட் செய்கிற நாம் அந்தக் குறிப்பைக்கூட விட்டு வைப்பதில்லை.

இப்போதைய உதாரணத்துக்கு வருவோம். கோயம்புத்தூரில் செய்த சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்று வாலிகண்டபுரத்துப் போர்வெல்லில் இறங்குகிறது. அதோடு ஒரு கையேடு வரும். ஸ்டார்ட்டரைத் திறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லும் எச்சரிக்கை அதில் இருக்கும். கம்பெனியில் 20 மாடல், தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று 4 மொழி என வைத்துக்கொள்வோம். 80 கையேடுகள் ஆகின்றன. பெரும்பகுதி ஒன்றே, குதிரைசக்தி, கேபிள் கனம், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்பதில்தான் மாற்றம். எச்சரிக்கையில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் 80 கோப்புகளைத் திறக்க வேண்டும். 79 கோப்பைத் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால், அந்த ஒன்றை நம்பி ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிறவர் எந்த ஊரிலோ இருப்பார். டாக்குமென்டேஷன் வேலையை நான் அவ்வளவு முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழியில் முதல் படி ஒரு வழக்கறிஞரிடமிருந்து வந்தது. சார்லஸ் கோல்ட்ஃபார்ப் ஹார்வர்டில் சட்டம் படித்து, வக்கீலாக வேலை பார்த்துவிட்டு ஐபிஎம்மில் சேர்ந்தவர். 1969-இல் சட்ட அலுவலகங்களுக்கு ஒரு கணினி அமைப்பு உருவாக்கும் ஆய்வுப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆவணத்தைத் திருத்த ஒரு நிரல், பழைய ஆவணங்களைத் தேடியெடுக்க ஒரு நிரல், அச்சுக்குப் பக்கம் அமைக்க ஒரு நிரல் என்று மூன்று இருந்தன. மூன்றும் ஒரே ஆவணத்தைப் படிக்க மறுத்தன. ஒவ்வொன்றும் தனக்கென்று தனிக் குறியீடுகளை எதிர்பார்த்தது. பக்க அமைப்பு நிரலுக்காக 'இங்கே தடித்த எழுத்து, இங்கே இரண்டு வரி இடைவெளி' என்று போட்ட குறிகள் தேடல் நிரலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வரி எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதாதே. அது என்ன என்று எழுது. தலைப்பென்றால் தலைப்பு என்றும், பத்தியென்றால் பத்தி என்றும், எச்சரிக்கையென்றால் எச்சரிக்கை என்றும் குறி போடு. எழுத்தின் பருமனையும் நிறத்தையும் அச்சிடும் நிரல் பார்த்துக்கொள்ளும். தேடல் நிரல் அதே குறியை வைத்து எச்சரிக்கைகளை மட்டும் தனியே எடுத்துக் கொடுக்கும். உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரிக்க வேண்டும் என்று வில்லியம் டன்னிக்ளிஃப் 1967-இலேயே கனடா அரசு அச்சகத்தில் பேசியிருந்தார். அதை ஓடுகிற மென்பொருளாக்கியது ஐபிஎம் குழு. மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஜிஎம்எல். அதுவே அந்த மொழியின் பெயராயிற்று.

அதற்குப் பிந்தைய வம்சாவளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிஎம்எல் வளர்ந்து எஸ்ஜிஎம்எல் ஆகி 1986-இல் ஐஎஸ்ஓ 8879 என்ற உலகத் தரமானது. அமெரிக்க ராணுவமும் விமானத் துறையும் தங்கள் மலைபோன்ற கையேடுகளுக்கு அதை எடுத்துக்கொண்டன. டிம் பெர்னர்ஸ்-லீ இணையப் பக்கங்களுக்கு வகுத்த எச்டிஎம்எல் அதன் வழியில் வந்தது. எஸ்ஜிஎம்எல்லை எளிமையாக்கி 1998-இல் எக்ஸ்எம்எல் வந்தது. கைப்பேசியில் நாம் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாட்டன் ஒரு வக்கீல் அலுவலகச் சிக்கல்.

டாக்குமென்டேஷன் குழுக்களுக்கு நேரடியாகப் பயன்பட்ட அடுத்த பெரிய பிறப்பும் ஐபிஎம்மில்தான். டிட்டா என்பார்கள். 2001-இல் ஐபிஎம் அதை வெளியிட்டது. 2005-இல் ஓயாசிஸ் அமைப்பின் பொதுத் தரமானது. டான் டே, மைக்கேல் பிரீஸ்ட்லி போன்றவர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். அதுவரை கையேடு என்பது முதல் அத்தியாயத்தில் தொடங்கி வரிசையாகப் போகும் புத்தகம். யாரும் அதை அப்படிப் படிப்பதில்லை. மோட்டார் ஓடவில்லை என்றால் 'மோட்டார் ஓடவில்லை' என்று தேடி, அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடுவோம். ஆகவே டிட்டா புத்தகத்தை உடைத்தது. இது என்ன என்று விளக்குவது ஒரு வகை, எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்வது ஒரு வகை, அளவும் எண்ணும் தரும் பட்டியல் ஒரு வகை. ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. 'மேப்' என்ற கோப்பு எந்தக் கையேட்டுக்கு எந்தத் துண்டுகள் என்று அடுக்கும்.

மேலே சொன்ன எச்சரிக்கை வரி இப்போது ஒரே இடத்தில் இருக்கும். எல்லாக் கையேடுகளும் அதைச் சுட்டிக்காட்டும். யாரும் நகல் எடுப்பதில்லை. ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும். மொழிபெயர்ப்புக்கும் அந்த ஒரு துண்டை மட்டும் அனுப்பினால் போதும். டிட்டா என்ற பெயரின் முதலெழுத்தில் டார்வின் இருக்கிறார். அடிப்படை வகையிலிருந்து தன் தேவைக்கேற்ற வகையைக் கிளைக்கச் செய்யலாம், அது தாயின் குணங்களைக் கொண்டிருக்கும் என்பதால் அந்தப் பெயர். மோட்டார் கம்பெனி தனக்கென்று 'பழுது நீக்கம்' என ஒரு வகையை வகுத்துக்கொள்ள முடியும்.

விலை இல்லாமல் இது வரவில்லை. எக்ஸ்எம்எல் கட்டுப்பாட்டுக்குள் எழுதப் பழக வேண்டும். துண்டுகளைச் சேமித்து நிர்வகிக்கப் பெரும்பாலும் தனிக் களஞ்சிய மென்பொருள் வேண்டும். அது சிறு குழு தாங்கும் விலையில் கிடைப்பது அரிது. மூன்று பேர் ஒரே ஒரு மென்பொருளுக்கு உதவிப் பக்கம் எழுதும் இடத்தில் டிட்டாவைக் கொண்டு வருவது வீண் செலவு என்றே நான் சொல்வேன்.

வேறு கிளைகளும் உண்டு. 1986-இல் தொடங்கிய ஃபிரேம் டெக்னாலஜியின் ஃபிரேம்மேக்கர், நூற்றுக்கணக்கான பக்கமுள்ள அச்சுக் கையேட்டைக் குலையாமல் காக்கப் பிறந்தது. 1995-இல் அடோபி அதை வாங்கிக்கொண்டது. அதே 1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் திறந்தார். தெரிந்தவர் யாராக இருந்தாலும் உடனே எழுதட்டும் என்பது அதன் நோக்கம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் எழுந்ததும் அந்த அடித்தளத்தில்தான். அலுவலகத்துக்குள் குழுக்கள் பகிரும் கான்ஃப்ளுயன்ஸ் 2004-இல் வந்தது. விக்கியில் எழுதுவது சுலபம். ஒரே செய்தி மூன்று பக்கத்தில் மூன்று விதமாகக் கிடப்பதும் அங்கே சுலபம், ஏனென்றால் அதைத் தடுக்கும் வேலை விக்கிக்குக் கொடுக்கப்படவே இல்லை.

நிரலாளர்கள் தங்கள் பக்கத்திலிருந்து ஒரு வழி கண்டார்கள். ஜான் க்ரூபர் 2004-இல் மார்க்டவுனை வெளியிட்டார். வெறும் எழுத்தாகப் படித்தாலும் கண்ணை உறுத்தாத குறிகள். லினஸ் டார்வால்ட்ஸ் 2005-இல் கிட் எழுதினார். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதும் அதில் நிற்கும். பைத்தான் மொழியின் ஆவணங்கள் லாடெக்ஸ் என்ற அச்சுக் குறிமொழியில் இருந்ததால் திருத்த வந்தவர்கள் தயங்கினார்கள். அவற்றை எளிய குறிகளுக்கு மாற்றும் முயற்சியில் கேயோர்க் பிராண்டல் உருவாக்கிய ஸ்பிங்க்ஸ் 2008-இல் வெளிவந்தது. 2010-இல் 48 மணி நேரப் போட்டி ஒன்றில் மூன்று பேர் சேர்ந்து, இப்படிப்பட்ட ஆவணங்களை இணையத்தில் வெளியிடும் ரீட் த டாக்ஸ் தளத்தைச் செய்தார்கள். நிரலை வைத்திருக்கும் இடத்திலேயே ஆவணத்தையும் வை, நிரலைச் சோதிப்பதுபோல் ஆவணத்தையும் சோதி என்பது இந்த வழி. நிரலாளர் நிறைந்த குழுவுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. பணிமனையிலிருந்து தகவல் தரும் சர்வீஸ் ஆட்களைக் கிட் கற்கச் சொன்னால் அவர்கள் தகவல் தருவதையே நிறுத்திவிடுவார்கள்.

விக்கிக்கும் கிட்டுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் நம் ஊர்க் கருவி ஒன்று பிறந்தது. சரவணகுமார் 2011-இல் தொடங்கிய கோவை.கோ நிறுவனம், மைக்ரோசாஃப்ட்டின் பிஸ்டாக் சர்வரைக் கண்காணிக்கும் பிஸ்டாக்360 என்ற மென்பொருளை விற்று வந்தது. வாடிக்கையாளர்கள் உலகம் முழுக்க. அவர்களுக்கு உதவிப் பக்கங்கள் வேண்டும். 2017-இல் அதற்கு ஏற்ற கருவியைச் சந்தையில் தேடினார்கள். இன்று நம் பிள்ளைகள் போடும் அதே ஒப்பீட்டு வேலை. ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லை. நிறுவனத்துக்குள் நடந்த ஹேக்கத்தானில் தாங்களே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். அது 2018-இல் டாக்குமென்ட்360 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உலாவியிலேயே எழுதலாம், இடப்பக்கம் தலைப்புகளின் கிளைகள், நடுவில் கட்டுரை, வலப்பக்கம் அதன் உட்தலைப்புகள். மார்க்டவுன் தெரிந்தவர் அதில் எழுதலாம், தெரியாதவர் சாதாரண எடிட்டரில் எழுதலாம். கட்டுரையின் பழைய வடிவங்கள் சேமிப்பில் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் வரியை ஓரிடத்தில் வைத்துப் பல இடத்தில் செருகவும் வழி உண்டு. கோல்ட்ஃபார்ப் காலத்துச் சிந்தனையின் பேரப்பிள்ளைதான் அது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து செய்த ஒரு கருவி உலகச் சந்தையில் நிற்பது எனக்குப் பெருமை. அதன் பிறப்பையும் மறக்க வேண்டாம்: இணையத்தில் உதவிப் பக்கம் வேண்டிய மென்பொருள் நிறுவனத்தின் சிக்கலுக்கு அது பிறந்தது. 80 அச்சுக் கையேடு போடும் மோட்டார் கம்பெனிக்கு டிட்டா வழியே பொருந்தும்.

இந்தக் கருவிகளில் எதுவும் தமிழ் வாசகரின் சிக்கலுக்காகப் பிறக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. எறையூர் சர்க்கரை ஆலையிலும் நாரணமங்கலம் டயர் தொழிற்சாலையிலும் இயந்திரத்தின் முன் நிற்கிற ஆட்கள் தமிழில் படிக்கிறவர்கள். விற்பனைக்கு வருகிறவர் டெமோவில் ஆங்கிலப் பக்கத்தையே காட்டுவார். தமிழில் 'கிணறு' என்று தேடினால் 'கிணற்றில்' என்று எழுதிய பக்கம் வருமா? எழுத்தை எழுத்தாக மட்டும் ஒப்பிடும் தேடலில் வராது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லே மாறிவிடுகிறதே. பிடிஎஃப் எடுத்தால் 'கொ', 'கோ' ஆகியவற்றின் கொம்பும் காலும் தம் இடத்தில் நிற்குமா? பழைய கோப்புகள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தால் அவற்றை யுனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் தேடலில் தமிழ்ச் சொல் அகப்படாது. தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய கையேடுகள் பல இன்னும் மாற்றப்படாமல் கிடக்கின்றன.

ஆகவே அட்டவணை போடப் போகும் பிள்ளைகளே, டிக் அடிக்கும் முன் உங்கள் கையேடுகளைத் திறந்து, ஒரே வரி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். யார் எழுதுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள், எத்தனை மொழி, எத்தனை மாடல் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கருவியை விட்டு வெளியேற நேர்ந்தால் உங்கள் எழுத்து முழுவதும் வேறு கருவி படிக்கும் வடிவில் கையில் கிடைக்குமா என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். டெமோவுக்கு வருகிறவரிடம் உங்கள் கையேட்டின் ஒரு தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்து, அதை ஏற்றி, தேடி, பிடிஎஃப் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைச் செய்து காட்ட முடியாத கருவிக்குப் பணம் கட்டாதீர்கள்.