அளவு வண்டியிலதான் இருக்கு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். வீரசோழன்னதும் மாயவரம் பக்கம் ஓடுற காவிரிக் கிளையாறுன்னு நினைச்சுடாதீங்க. நான் சொல்றது திருச்சுழிப் பக்கத்து வீரசோழன். ஆட்டுச் சந்தை கூடுற ஊர். எங்க தாத்தா ஊரும் அதுதான். கரிசல், கண்மாய், கண்மாய்க்குள்ள கருவேல மரம், மிச்சமெல்லாம் வெயில்.

போன மாசம் ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு ராத்திரி, பழைய கார்களைச் சரிபண்ற வீடியோ ஒண்ணு பார்த்துக்கிட்டு இருந்தேன். 1920கள்ல வந்த ஒரு திறந்த கார். கூரை கிடையாது, மழை வந்தா மடக்குத் துணியை இழுத்து மூடிக்கணும். அதோட தகடு எல்லாத்தையும் கழட்டி ஓரமா வச்சிருந்தாங்க. உள்ள பார்த்தா இரும்பையே காணோம். எல்லாம் மரம்! கதவு நிலை, தரைக் கட்டை, பின் சீட்டைச் சுத்தி வளையுற கட்டை, எல்லாத்தையும் உளியால செதுக்கி ஒண்ணோட ஒண்ணு கோத்திருந்தாங்க. வேப்ப மரத்தடியில கிடந்த தாத்தாவோட மாட்டு வண்டிதான் சட்டுன்னு ஞாபகத்துக்கு வந்துச்சு.

அந்த ஞாபகம் ஒண்ணும் தப்பில்லை. மோட்டார் வந்தப்ப அதுக்கு உடம்பு செஞ்சு குடுத்தது குதிரை வண்டி கட்டினவங்கதான். நம்ம சென்னையிலயே பாருங்க. சிம்ப்சன் கம்பெனி 1840ல ஆரம்பிச்சப்ப அது எஞ்சின் கம்பெனி இல்ல, கோச்சு வண்டி கட்டுற பட்டறை. அங்க வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903ல நீராவிக் கார் ஒண்ணு செஞ்சார். இந்தியாவுலயே கட்டின முதல் நீராவிக் கார் அதுதான்னு சொல்றாங்க. தச்சர், கொல்லர், தோல் தைக்கிறவர், பெயிண்டர்னு சாரட்டு வண்டிக்கு வேண்டிய ஆட்கள் எல்லாரும் ஏற்கனவே அந்தப் பட்டறையில இருந்தாங்க. காருக்கு வேண்டியதும் அதே ஆட்கள்தானே. புதுசா வந்தது எஞ்சின் மட்டும்தான். பேரைக்கூட யாரும் மாத்தலை. திறந்த காருக்கு வச்ச ஃபீட்டன்ங்கிற பேர் குதிரை வண்டியோடது. டேஷ்போர்டுன்னு நாம சொல்றதும் குதிரைக் குளம்பு வாரி அடிக்கிற சேறு மேல படாம இருக்க முன்னாடி வச்ச பலகைதான்.

டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில பஸ் விட்டது 1912ல. ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல பஸ் ஓட்டினது 1920ல. அந்தக் காலத்துல சேசிஸ் கப்பல்ல வரும், மேல் கூடு பெரும்பாலும் இங்கயே மரத்துல ஏறும். இன்னைக்கும் நாமக்கல் பக்கம் லாரிக்கு 'பாடி கட்டுறது'ன்னுதான் சொல்றாங்க. வீடு கட்டுற மாதிரி.

சரி, ஏன் மரம்? தகட்டை அழுத்தி வளைக்கணும்னா பெரிய பிரஸ் வேணும், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு வேணும். பத்துக் கார் செய்யிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. தச்சருக்கு உளியும் இழைப்புளியும் போதும். அமெரிக்காவுல எட்வர்ட் பட் 1912ல கம்பெனி ஆரம்பிச்சு, கொஞ்ச வருஷத்துலயே டாட்ஜ் கார்களுக்கு முழு இரும்புக் கூடு போட்டுக் குடுத்தார். அதுல பெரிய லாபம் பெயிண்ட்லதான். மரக் கூட்டை அடுப்புக்குள்ள வச்சுச் சூடேத்த முடியாது, ஒவ்வொரு பூச்சும் தானா காயணும், வாரக்கணக்குல ஆகும். இரும்பை அடுப்புல தள்ளி உடனே காய வச்சிடலாம். ஆனா அவசரத்துக்குப் பேர் போன ஃபோர்டே 1920 வாக்குல மிச்சிகன்ல 3 லட்சம் ஏக்கருக்கு மேல காடு வாங்கினார், கார் மரத்துக்காக. மிஞ்சின துண்டு துணுக்கையெல்லாம் கரிக்கட்டியா மாத்தி வித்தார். நம்ம பக்கம் ரெண்டாம் உலகப்போர் நேரத்துல பெட்ரோல் கிடைக்காம பஸ்ஸு கரி வாயுவுல ஓடுச்சு, டி.வி.எஸ்.சே அதுக்கு கேஸ் பிளான்ட் செஞ்சாங்க. அங்க கார் மரம் கரியாச்சு, இங்க கரி பஸ்ஸை ஓட்டுச்சு. எங்க ஊர்ப்பக்கம் கரிமூட்டத்தைத் தாண்டிப் போறப்பல்லாம் இந்த நினைப்புதான்.

இனி அந்த மரக் கூட்டைத் திரும்பக் கட்டுற கதை. தகட்டுக்கும் மரத்துக்கும் இடுக்குல தண்ணி தங்கும். ஆணி துருப்பிடிக்கும், அதைச் சுத்தி மரம் கறுத்து உளுத்துப்போகும். முதல்ல போறது கதவுக்குக் கீழ ஓடுற தரைக் கட்டை. கூரை வச்ச காருன்னா மேல ஒரு பிடிமானம் இருக்கும். திறந்த காருக்கு மொத்த பலமும் அந்தத் தரைக் கட்டையிலயும் கதவு நிலையிலயும்தான். அதனால எடுத்த எடுப்புல எதையும் பிடுங்கக் கூடாது. கதவு நிலைக்குக் குறுக்கே கட்டையை அடிச்சு நிறுத்திட்டு, மூலைக்கு மூலை அளந்து எழுதிக்கணும். அப்புறம் ஒரு பக்கமாத்தான் மாத்திக்கிட்டு வரணும். ரெண்டு பக்கமும் ஒண்ணா அவுத்தா எது சரின்னு காட்ட ஒண்ணுமே மிஞ்சாது. இங்கிலாந்துல பழக்கம் ஆஷ் மரம். வளையும், அதிர்ச்சி தாங்கும். மார்கன் கம்பெனி இன்னைக்கும் அதைத்தான் போடுறாங்க. நம்ம ஊர் வெயிலுக்கும் கரையானுக்கும் தேக்குதான் சரின்னு நினைக்கிறேன். வளைவான துண்டுக்கு மரத்தோட ரேகையும் கூடவே வளையணும். குறுக்கே வெட்டுப்பட்டா முதல் பள்ளத்துலயே விரிசல் விட்டுடும். மூட்டுக்கு ஒரு கட்டையில துளை, இன்னொண்ணுல நாக்கு, நடுவுல பசை. அந்தக் காலத்துப் பசை நம்ம ஆசாரிங்க காய்ச்சுற வஜ்ரம் மாதிரிதான். ரெண்டு மூணு மில்லிமீட்டர் பிசகினா போதும், பழைய தகடு திரும்ப உட்காராது, கதவு சாத்தாது.

இதுல என்னை உலுக்கினது வேற ஒரு விஷயம். உளுத்துப்போன கட்டையை அவங்க தூக்கிப் போடலை. பொடியா உதிர்றதைக்கூடப் பக்குவமா சேர்த்து ஒட்டி, பலகை மேல வச்சு சுத்தி கோடு இழுக்கிறாங்க. ஏன்னா வரைபடம் இல்லை. எப்பவோ ஒரு தச்சர் கண்ணால பார்த்து இழைச்சது. அளவுன்னு மிஞ்சியிருக்கிறது அந்த உளுத்த கட்டை மட்டும்தான். டாக்குமென்ட் எழுதாம ஓடிப்போனவன் விட்டுட்டுப் போன கோடை நோண்டுற எனக்கு இந்த வலி நல்லாவே புரியும் :-)

தாத்தா வண்டி கருவேலத்துல செஞ்சது. குடம், 12 ஆரக்கால், 6 வட்டை. வட்டைக்கு மேல இரும்புப் பட்டை. வரட்டியை வட்டமா அடுக்கித் தீ மூட்டி, பட்டை விரிஞ்சதும் தூக்கி மாட்டித் தண்ணி ஊத்துவாங்களாம். சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிச்சுக்குமாம். ஒரு சொட்டுப் பசை கிடையாது. ஊர்ல டயர் வண்டி வந்து, அப்புறம் டிராக்டரும் வந்ததும் தாத்தா வண்டி வேப்பமரத்தடிக்குப் போயிடுச்சு. எட்டு வயசுல ஒரு தடவை கேட்டேன்.

"தாத்தா, இந்தச் சக்கரத்துக்கு அளவு எங்க எழுதி வச்சிருக்காங்க?"

"எங்கடா எழுதுறது? அளவு வண்டியிலதான்டா இருக்கு."

போன வாரம் மாமாவுக்கு போன் போட்டு அந்தச் சக்கரம் இருக்கான்னு கேட்டேன். பட்டையைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சாம். மரத்தை அத்தை வெந்நீர் அடுப்புக்கு உடைச்சு எரிச்சுட்டாங்களாம். கருவேல மரமாச்சே, நல்லா நின்னு எரிஞ்சுதுன்னு மாமா சொன்னார். குடம் மட்டும் உடைக்க முடியாம கொல்லையில கிடக்காம், கோழி அடைஞ்சுக்கிட்டு இருக்காம். பொங்கலுக்குப் போறப்ப அளவெடுக்க டேப்பும் ஒரு பெரிய சார்ட் பேப்பரும் எடுத்துட்டுப் போறேன்.