கேசவ பவனத்து இடிமுழக்கம்

நீரையும் ஒளியையும் ஒலியையும் ஒன்றாக இசைவித்து, தோட்டத்துக்குள் அடியெடுத்து வைத்தவரை வேறோர் உலகத்தில் கொண்டு நிறுத்துகிற வித்தை மின்சாரம் வந்த பிறகே பிறந்தது என்று எண்ணுகிறவர்கள், ராஜஸ்தானத்தில் பரத்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவிலுள்ள டீக் என்னும் சிற்றூருக்கு ஒரு முறை போய்வருவது நல்லது.

இதற்கு முன்னோடிகள் மொகலாயர்களே. லாகூரில் ஷாஜகான் 1641-ல் தொடங்கி மறு ஆண்டிலேயே முடித்த ஷாலிமார் உத்தியானத்தில், தாரை தாரையாக நீர் விழும் இடத்துக்குப் பின்னால் பளிங்குச் சுவரில் சிறு மாடங்களை வரிசையாகக் குடைந்து, பகலில் பூச்சாடிகளையும் இரவில் தீபங்களையும் அவற்றில் வைப்பார்கள். விளக்கின் சுடர் நீர்த்திரையில் பட்டுச் சிதறும். அங்குள்ள மண்டபங்களுக்கு, நம் ஆடி ஆவணிக்கு ஏறக்குறைய நேரான மழை மாதங்களின் பெயரையே இட்டு, சாவன், பாதோன் என்று அழைத்தார்கள்.

அதே பெயருடைய இரு மண்டபங்கள் டீக் அரண்மனையிலும் உண்டு. ஆயினும் 18-ஆம் நூற்றாண்டில் அதை விஸ்தரித்த ஜாட் மன்னர் சூரஜ்மல்லுக்குப் பெயர் மட்டும் போதவில்லை. வறண்ட அச்சீமையில் மழையையே வரவழைத்துப் பார்க்க விரும்பினார் போலும்! ரூப்சாகர் குளத்தங்கரையில், நாற்புறமும் திறந்த வளைவுகளோடு நிற்கும் கேசவ பவனம் அந்த விருப்பத்தின் விளைவு. மண்டபத்துக்குள்ளேயே சுற்றிவரும் கால்வாயிலிருந்து ஊற்றுக்கள் பீறிட்டெழ, மேலிருந்து நீர் மழைபோல் இறங்க, கூரைக்குள் மறைத்து வைத்த கனத்த கற்குண்டுகள் நீரின் வேகத்தால் உருண்டு மோதி இடியைப்போல் கர்ஜிக்குமாம். வெயில் நேரத்தில் திவலைகளினூடே வானவில்லும் தோன்றிவிட்டால், வர்ஷருதுவுக்கு வேண்டிய அங்கங்களில் மின்னல் ஒன்றுதான் பாக்கி.

இத்தனைக்கும் ஆதாரம் உயரத்தில் கட்டிய ஒரு பெரிய நீர்த்தொட்டி. அதன் சுவர்களில் துளைகள் பல; ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் புறப்பட்டு, தனக்கென்று விதித்த ஊற்றுக்குப் போய்ச் சேரும். துளைகளை அடைப்பான்களால் மூடி வைத்திருந்து, வேண்டும்போது திறப்பார்கள். திறக்குமுன் சாயப்பொடி கட்டிய சிறு துணிப் பொட்டலத்தை உள்ளே செருகிவிட்டால், அந்த ஊற்று சிவப்பாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ எழும்பும். எந்தத் துளை எந்த ஊற்றுக்கு என்பதை நினைவில் வைத்திருந்த வேலையாளே அந்த வர்ண ஜாலத்தின் சூத்திரதாரி என்று நான் சொல்வேன்.

தொட்டியை நிரப்பியவை மாடுகள். நம் நாட்டுக் கவலை இறைப்பைப் போலவே தோற்சாலைக் கிணற்றில் இறக்கி, மாடு பூட்டி இழுத்து, நாட்கணக்கில் சேர்த்த ஜலம், ஊற்றுக்களைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அரசரின் ரஸிகத்தன்மையைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. விழாக் காலங்களில் மட்டும் இந்த வேடிக்கை நடந்ததற்கு, அரசரின் சிக்கனத்தைவிட மாடுகளின் களைப்பே முக்கிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இன்றும் திருவிழாக்களின்போது டீக்கில் வர்ண ஊற்றுக்கள் எழும்புகின்றன. கவலை போய்விட்டது, துணிப் பொட்டலங்களைச் செருக மட்டும் ஆட்களே தொட்டிக்கு ஏற வேண்டியிருக்கிறது.