உடனடிக் காப்பியும் இல்லத்தரசியின் பெயரும்

வெந்நீரில் கரைத்த மாத்திரத்தில் பருகத்தக்க காப்பித்தூள், வேலையைக் குறைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது; வேலையைக் குறைத்த காரணத்தாலேயே அது அமெரிக்க இல்லங்களில் நெடுநாள் ஐயத்துக்கு உள்ளாயிற்று. பிரேசிலில் விற்பனையாகாமல் குவிந்துகிடந்த காப்பிக் கொட்டைக்கு வழிகாணும் முயற்சியின் விளைவாக, சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்தில் மாக்ஸ் மோர்கென்தாலர் பல ஆண்டுகள் ஆய்ந்து கண்ட தூள் 1938இல் நெஸ்கபே என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களின் உணவுப் பொட்டலங்களில் உடனடிக் காப்பி இடம்பெற்று, அதன் சுவை பல்லாயிரவருக்குப் பழகியது. எனினும் பாசறையில் எழாத ஒரு கேள்வி வீட்டு அடுப்படியில் எழுந்தது: காப்பி போட வேண்டியவள் அந்த வேலையை ஏன் தட்டிக்கழித்தாள்?

இக்கேள்வியை எவரும் வெளிப்படையாகக் கேட்கவில்லை. உடனடிக் காப்பியை ஏன் விரும்பவில்லை என்று நேரடியாக வினவியபோது, சுவை பிடிக்கவில்லை என்பதே பெரும்பாலோரின் விடையாக இருந்தது. அது சொல்வதற்கு எளிய விடையே அன்றி முழு விடையன்று எனக் கருதிய மேசன் ஹேர், புறத்தேற்ற முறையைக் கையாண்டார். ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லத் தயங்கும் எண்ணத்தை வேறொருவர்மீது ஏற்றிச் சொல்லவைக்கும் உளவியல் உத்தியே புறத்தேற்றம் எனப்படுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக உளவியலாளரான அவர் 1950இல் வெளியிட்ட ஆய்வில், அரைத்த மாட்டிறைச்சி, ஆலை ரொட்டி, கேரட், பேக்கிங் பவுடர், டப்பாவில் அடைத்த பீச்சுப் பழம், உருளைக்கிழங்கு ஆகியவை அடங்கிய இரண்டு மளிகைப் பட்டியல்கள் பயன்பட்டன. ஒன்றில் வடித்துப் போடும் காப்பித்தூளும் மற்றொன்றில் நெஸ்கபேயும் இருந்தன என்பதைத் தவிர அவற்றிடையே வேறுபாடு இல்லை. நூறு பெண்கள் இரு பிரிவாகி, தத்தம் கைக்கு வந்த பட்டியலை எழுதிய பெண் எத்தகையவள் என்று விவரித்தனர்.

நெஸ்கபே வாங்கியவளைச் சோம்பேறி என்றோர் 48 விழுக்காட்டினர். வடிகாப்பி வாங்கியவளை அவ்வாறு சொன்னோர் 4 விழுக்காட்டினர் மட்டுமே. முன்னவள் நல்ல மனைவி அல்லள் என்று 16 விழுக்காட்டினர் தீர்ப்பளிக்க, பின்னவளைப் பற்றி ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. வேறொரு சோதனையில், பழப் பணியாரத்துக்கான ஆயத்தக் கலவை பட்டியலில் சேர்ந்தபோது வடிகாப்பிக்காரியும் அதே பழிக்கு ஆளானாள். ஆகவே குற்றம் காப்பியின்மீது அன்று, சுருக்குவழியின்மீதே சுமத்தப்பட்டது. இதில் கவனத்துக்குரியது வேறொன்றும் உண்டு. ஆலையில் சுட்ட ரொட்டியும் டப்பாப் பழமும் இரு பட்டியல்களிலும் இருந்தன. வீட்டில் செய்யக்கூடியவற்றைக் காசு கொடுத்து வாங்கும் சோம்பலுக்கு அவையும் சான்றாகியிருக்கலாம். ஆயினும் இருவருக்கும் பொதுவான அவை, வடிகாப்பிக்காரிக்குச் சோம்பேறிப் பட்டம் வாங்கித் தரவில்லை. பழகிப்போன பண்டம் மன்னிக்கப்பட்டு, புதிதாக வந்த பண்டமே பழி சுமந்தது.

இதே காலத்தில் கேக் கலவை பற்றியும் ஒரு கதை பரவியது. வியன்னாவில் பிறந்து 1938இல் அமெரிக்கா சென்ற எர்னஸ்ட் டிக்டர், பொருள் வாங்குவோரின் உள்மனத் தூண்டுதல்களைத் தேடும் ஊக்க ஆய்வைத் தொழிலாகவே வளர்த்தவர். நீர் மட்டும் ஊற்றினால் போதும் என்ற கலவை பெண்களுக்குக் குற்றவுணர்வைத் தந்ததென்றும், அவர் யோசனைப்படி முட்டைத்தூளை நீக்கி அவர்களே முட்டை உடைத்து ஊற்றும்படி செய்ததும் விற்பனை பெருகியதென்றும் விளம்பர உலகம் இன்றும் சொல்லிவருகிறது. கதை அழகானது, காலக்கணக்கு ஒத்துவரவில்லை. பிட்ஸ்பர்க் நகரின் டஃப் நிறுவனம் முட்டைத்தூள் சேர்ந்த கலவைக்கு 1930இல் காப்புரிமை கோரி, 1933இல் அளித்த மற்றொரு விண்ணப்பத்திலேயே இல்லத்தரசிகள் புது முட்டையை விரும்புவதைக் குறிப்பிட்டுவிட்டது. புது முட்டை சேர்ந்த கேக் நன்றாக எழும்பி, முட்டைத்தூளின் வாடையின்றி இருந்தது என்ற சாதாரணக் காரணமும் அதற்கு உண்டு. 1950களில் இருவகைக் கலவைகளும் சந்தையில் போட்டியிட்டன. உளவியலாளரின் ஒரு சொல்லால் சந்தை திரும்பியதென்று கொள்ள இடமில்லை.

ஹேரின் ஆய்வுக்கு அத்தகைய புனைவு தேவைப்படவில்லை. ஆனால் அதன் முடிவும் அக்காலத்துக்கே உரியதாக இருந்தது. அதே பட்டியல் சோதனையை வெப்ஸ்டரும் ஃபான் பெக்மனும் மீண்டும் நடத்தி 1970இல் வெளியிட்டபோது, இரு பெண்களுக்கும் இடையே முன்பு காணப்பட்ட வேறுபாடு பெரும்பாலும் மறைந்திருந்தது. இருபது ஆண்டுகளில் உடனடிக் காப்பி, அப்பட்டியலின் ஆலை ரொட்டிக்கும் டப்பாப் பழத்துக்கும் பக்கத்தில் போய் அமர்ந்துவிட்டது.