குடிசார் பொறியாளர் பணி: தமிழ்நாட்டில் அதன் வரலாறு

கட்டடம், சாலை, பாலம், அணை, குடிநீர், கழிவுநீர், துறைமுகம் ஆகியவற்றைத் திட்டமிட்டுக் கட்டிப் பேணும் தொழில் குடிசார் பொறியியல். பேச்சுவழக்கில் சுருக்கமாக ‘சிவில்’. ஐரோப்பாவில் இது படைப் பொறியியலிலிருந்து பிரிந்து வந்தது. லண்டனில் இதற்கான முதல் தொழிற்கழகம் 1818-இல் அமைந்தது. தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு வாசல் திறந்துவிட்டது நில அளவை. வரைபலகை முன் அமர்ந்து வடிவமைப்பவர் என்றே வெளியார் சிவில் பொறியாளரை எண்ணுகிறார்கள். பெரும்பாலான சிவில் பொறியாளர்களின் நாளோ அளப்பதிலும், அளந்ததை எழுதி வைப்பதிலும், எழுதியதற்குக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பதிலும்தான் கழிகிறது.

பட்டமும் பதவியும் இல்லாத பொறியாளர்கள் இங்கு வெகுகாலம் இருந்தார்கள். காவிரியின் மணலில் நிற்கும் கல்லணை கரிகாலன் பெயரில் வழங்குகிறது. ஏரி மடைகளில் குமிழித் தூம்பு அமைத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்கு மிஞ்சவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஏரி வாரியம், பராமரிப்பு அன்றே ஊர்ச்சபையின் பொறுப்பாக இருந்ததைக் காட்டுகிறது.

1794-இல் மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளரின் யோசனைப்படி, சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். கிண்டிக்கு இடம் மாறியது 1920-இல். 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அது தொடக்கம். 1944-இல் கிண்டியில் சிவில் படித்து வெளிவந்த பி. கே. திரேசியா, பிறகு கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

நவீனப் பாசனப் பொறியியல் இங்கு தலையெடுத்த இடம் முக்கொம்பு. காவிரி இரண்டாகப் பிரியும் அந்த இடத்தில் கொள்ளிடக் கிளையின் படுகை தாழ்வு. நீரெல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிட, காவிரிக் கிளை மணல் மேவித் தூர்ந்துகொண்டே போனது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். பாறை எட்டாத மணற்படுகையின் மேல் அணை நிற்குமா என்ற கேள்விக்குக் கல்லணை ஏற்கெனவே பதிலாக நின்றது; அதைப் பார்த்தே கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். மேலணை வேலை செய்தது, சற்று அதிகமாகவே. இப்போது காவிரிக்குள் நீர் மிகுதியாகப் புகுந்து அதன் படுகையை அரிக்க, அங்கும் ஒரு தடுப்பு தேவைப்பட்டது. ஆற்றின் ஒரு கையைப் பிடித்தால் மறு கை திமிறும் என்பது நீர்வளப் பொறியாளர்களுக்கு முதல் பாடம். அந்த அனுபவத்தோடுதான் காட்டன் கோதாவரிக்குப் போய்த் தவளேசுவரம் அணையை 1852-இல் முடித்தார்.

அடுத்து வந்தவை உயர்ந்த அணைகள். ஜான் பென்னிகுயிக்கின் முல்லைப் பெரியாறு அணை (1887–1895) சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் கலந்த சாந்தில் எழுந்தது. மேற்கே ஓடிய ஆற்றை மலைச் சுரங்கம் வழியே வைகைக்குத் திருப்பியது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. அதன் நீர்மட்டத்தை நாளிதழ்கள் இன்றும் அடியில்தான் போடுகின்றன, முழுக் கொள்ளளவான 93.47-ஐ டி.எம்.சி.யில்தான் (நூறு கோடி கன அடி) சொல்கின்றன. மெட்ரிக் முறை வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கட்டுமானத் தளத்திலும் இதே கதை: கம்பி மில்லிமீட்டரில், மணல் யூனிட்டில், வீடு சதுர அடியில். மூன்றையும் மனத்திலேயே மாற்றிக் கணக்குப் போடாத தளப் பொறியாளர் இல்லை.

சிறப்புத் துறைகள் எப்படிப் பிரிந்தன என்பதற்கு அரசுத் துறைகளின் வரலாறே சான்று. பழைய மராமத்து அமைப்புகளுக்குப் பின் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த பொதுப்பணித் துறை, ஏரி முதல் கச்சேரிக் கட்டடம் வரை எல்லாவற்றையும் பார்த்தது. 1946-இல் நெடுஞ்சாலைத் துறை தனியே போனது. குடிநீரும் வடிகாலும் 1971-இல் தனி வாரியம் ஆயின. சென்னைக்கு மட்டும் 1978-இல் வேறொன்று. 2021-இல் நீர்வளத் துறையும் பிரிந்தபின், பொதுப்பணித் துறையிடம் பெரும்பாலும் கட்டடங்களே எஞ்சின.

துறை எதுவானாலும் அன்றாடம் ஏறத்தாழ ஒன்றுதான். கூரைக்குக் காங்கிரீட் போடும் நாளை எடுத்துக்கொள்வோம். மிக்சர் ஓடுவதற்கு முன் பொறியாளர் சென்ட்ரிங் மேல் ஏறி முட்டுகளைப் பார்க்கிறார், கம்பிகளுக்கிடையே டேப் வைக்கிறார், கம்பியைத் தாங்கும் கவர் பிளாக் விழுந்த இடங்களில் கம்பி கட்டுபவரைக் கூப்பிட்டுத் திரும்ப வைக்கச் சொல்கிறார். கலவை வந்ததும் 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பில் நிரப்பிக் கூம்பைத் தூக்கி, கலவை எவ்வளவு சரிகிறது என்று அளக்கிறார். அதிகம் சரிந்தால் யாரோ தண்ணீர் கூட்டியிருக்கிறார்கள். கலவை இளகினால் ஆட்களுக்குப் போடச் சுலபம், கூரைக்குக் கேடு. மேஸ்திரியோடு வாக்குவாதம் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். 15 சென்டிமீட்டர் கட்டிகளாக வார்த்தெடுத்த மாதிரிகள் 28 நாள் நீரில் ஊறியபின் ஆய்வகத்தில் நசுக்கப்படும். எம்20 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். அரசுப் பணியென்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் ஏறும். அதில் அழிப்பதற்கு இடமில்லை. தவறை அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். ஒப்பந்ததாரரின் பில் இந்தப் பக்கத்தை நம்பியே நகர்கிறது.

கண்ணுக்குத் தெரியாததை அளக்க வேண்டிவந்தபோது பிறந்தது மண் பொறியியல். கார்ல் டெர்சாகி 1925-இல் வெளியிட்ட நூல் அதற்கு அடித்தளம். மண் பொறியியலின் எளிய சோதனை ஒன்றில் 63.5 கிலோ சம்மட்டி 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழ, துளைக்குள் குழாய் 45 சென்டிமீட்டர் இறங்குகிறது. கடைசி 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி பட்டது என்பதே மண்ணின் உறுதிக்கு அளவு. கட்டமைப்புப் பொறியாளர் அந்த எண்ணை வாங்கித்தான் அடித்தளம் கணக்கிடுகிறார்.

இந்தக் கைமாற்றம் எவ்வளவு கவனமாக நடக்க வேண்டும் என்பதை 2014 ஜூன் 28 காட்டியது. அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். தூண்களின் தாங்குதிறன் போதாதது பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. அருகே நின்ற இணைக் கட்டடம் 2016-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கட்டமைப்புப் பொறியாளர், மண் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவையும் தனிப் பொறுப்பையும் கேட்கின்றன.

மிக மெதுவாக மதிப்புப் பெற்றுவரும் பிரிவு பராமரிப்பு. புதிதாகக் கட்டினால் கல்வெட்டு உண்டு. தூர்வாரியதற்கு எப்போதாவதுதான் உண்டு. முல்லைப் பெரியாற்றில் 1980-களில் மேலே காங்கிரீட் பாரம் ஏற்றி, கம்பிவடங்களை அணை வழியே பாறையில் இறக்கி நங்கூரமிட்டு, பின்புறம் காங்கிரீட் தாங்கல் சேர்த்துப் பழைய சுண்ணாம்பு அணையை வலுப்படுத்தினார்கள். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் போன்ற நிறுவனங்களுக்குப் பழைய கட்டுமானங்களைச் சோதிப்பது முக்கியப் பணிகளில் ஒன்று. 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கையில் காட்டனின் மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. உடைப்பைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, கொள்ளிடத்தின் குறுக்கே புதிய கதவணை கட்டினார்கள்.