தொப்பூர்க் கணவாய்

சேர்வராயன் மலைக்கு மேற்கே தொப்பூர்க் கணவாய், கிழக்கே மஞ்சவாடிக் கணவாய். சேலத்திலிருந்து வடக்கே, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகாலுக்குப் போக இவை இரண்டும் முக்கிய வழிகள். ஏற்காட்டுப் பக்கத்து மலையில் பிறக்கும் தொப்பையாறு, தொப்பூர்ப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கிக் காவிரியில் கலக்கிறது. படகு போகிற ஆறல்ல. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் பீரங்கி வண்டியும் பொதிமாடும் போகலாம். மைசூரும் ஆங்கிலக் கம்பெனியும் மோதிக்கொண்ட 18ஆம் நூற்றாண்டில், மலையை விட அதன் இடுக்குக்கே மதிப்பு.

1768இல் கம்பெனிப் படை பாராமகாலையும் சேலத்தையும் பிடித்தது. சில மாதங்களிலேயே மைசூரை ஆண்ட ஹைதர் அலி அவற்றை மீட்டார். கோட்டைகளைப் பிடிப்பது எளிதாகவும், தக்கவைப்பது கடினமாகவும் இருந்த நாடு அது.

தொப்பூரின் பெயர் போர் வரலாற்றில் அழுத்தமாகப் பதிந்தது 1790 நவம்பரில். பாராமகாலில் நுழைந்திருந்த கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல்லின் படையை நொறுக்க, ஹைதரின் மகன் திப்பு சுல்தான் விரைந்தார். சென்னை கவர்னரும் தளபதியுமான மெடோஸ் பின்தொடர்ந்து வந்து மேக்ஸ்வெல்லுடன் சேர்ந்துகொண்டார். உடனே திப்பு தெற்கே திரும்பினார். இரு தரப்பும் ஒரே நேரத்தில் தொப்பூரை நோக்கி நகர்ந்தன. கம்பெனிப் படை கணவாயின் வாயை அடைத்திருந்தால் திப்பு சிக்கியிருப்பார். மெடோஸ் தயங்கினார், மைசூர்ப் படை கணவாயைக் கடந்து திருச்சிராப்பள்ளிப் பக்கம் போய்விட்டது. அங்கிருந்து திருவண்ணாமலை வழியே புதுச்சேரிக்கு அருகே சென்று, பிரெஞ்சுக்காரரிடம் திப்பு உதவி கேட்டார். புரட்சியில் சிக்கியிருந்த பிரான்சிலிருந்து படை வரவில்லை. அந்த டிசம்பரில் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சென்னைக்கு வந்து போரைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

1792 மார்ச்சில் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். பாராமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தன. அவற்றை ஆள அனுப்பப்பட்டவர் ராணுவ அதிகாரியான அலெக்ஸாண்டர் ரீட். உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. உழவரிடமிருந்தே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே நடந்த நில அளவையிலிருந்தே வளர்ந்தது. கணவாய்க்காகப் பிடித்த நாடு, வரிக்கணக்கின் பள்ளிக்கூடமாயிற்று.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் இந்தப் பக்கத்தில் எதிரியே இல்லாமல் போனான். அதன் பிறகுதான் வெள்ளைக்காரர் கண் மலையுச்சிக்குப் போனது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியை நட்டார். மலையாளி என்ற பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த சேர்வராயன் மலை தோட்டப் பயிர் நிலமாக மாறியது. தொப்பூரில் இன்று சேலம்–தர்மபுரி நெடுஞ்சாலையின் லாரிகள் இறங்குகின்றன.