ஊர் போட்ட சோறு

காட்டுப்பாக்கத்தார் பூந்தமல்லி வழியாக மேற்கே சென்று, திருவள்ளூரையும் தாண்டி அரக்கோணம் ரயில் மார்க்கத்தில் இறங்கினால் கடம்பத்தூர் என்னும் ஊரைக் காணலாம். கோயிலாலோ கோட்டையாலோ பிரசித்தி பெறாத அந்த ஊருக்குத் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் சரித்திரத்தில் தனியொரு ஸ்தானம் உண்டு. காட்டுப்பாக்கமும் கடம்பத்தூரும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்த 1958-ஆம் ஆண்டில், பள்ளிக்கூடத்தின் குறைகளைச் சர்க்காருக்கு மனுவாக எழுதி அனுப்பிவிட்டுக் காத்திராமல் ஊராரே கூடி நிவர்த்தி செய்வது என்ற நோக்கத்தோடு நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது, அந்தக் கடம்பத்தூரிலேதான் கூடியது.

அந்த மாநாட்டின் தாத்பரியத்தை அறிய விரும்புகிறவர், அதற்கு முன்னரே தொடங்கிவிட்ட மதிய உணவின் கதையை அறிந்தாக வேண்டும். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைச் சென்னை நகரசபை 1920-லேயே உணர்ந்திருந்தது. பிட்டி தியாகராயர் தலைமை வகித்த அந்தச் சபை, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் பகலுணவு கொடுக்கத் தீர்மானித்தது. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அதை விஸ்தரித்தது. ஆரம்பக் கல்விக்கான நிதியைச் சோற்றுக்குச் செலவிடலாகாது என்று அக்காலத்து அரசாங்கம் ஆட்சேபித்ததன் பேரில், 1925-இல் அந்தத் தர்மம் நின்றுபோயிற்று. வயிறு ஓர் இலாகா, கல்வி வேறோர் இலாகா என்று பிரித்துப் பார்ப்பதில் அதிகாரிகளுக்கு என்றைக்குமே ஓர் அலாதியான திருப்தி உண்டு போலும்!

முப்பது ஆண்டுகள் கழித்துக் காமராஜர் முதலமைச்சராகவும், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் அதே பிரச்னை மறுபடியும் தலைகாட்டியது. ராஜ்யம் முழுவதும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதென்றால் கஜானா தாங்குமா என்று அதிகாரிகள் தயங்கியது இயற்கையே. ஆனால் இம்முறை கஜானாவின் கதவு திறக்கட்டுமென்று காத்திராமல் ஊரை அழைத்தார்கள். 1956 ஜூலையில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவு, ஆதியில் முழுக்க முழுக்க மக்கள் கொடையாகவே நடந்தது. அரசாங்கத்தின் மானியம் 1957 நவம்பரில்தான் வந்து சேர்ந்தது. அப்போதும் ஒரு சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா என்று கணக்கிட்டு, ஆறு நயா பைசாவைச் சர்க்கார் ஏற்க, மீதி நாலை ஊர் ஏற்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

இந்த நாலு பைசாவைச் சற்று ஆழ்ந்து யோசிக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றுகிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, கோயிலுக்கும் மடத்துக்கும் பொதுக்காரியங்களுக்கும் கொடுத்துவந்த வழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலேயே மரக்கால் நெல்லைத் தர்மத்துக்கு அளந்துவிடுவதும் குடியானவர்களுக்குப் பழக்கமானதே. அந்தப் பழைய தர்மத்தின் வாய்க்காலைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பிவிட்டதுதான் அக்காலத்தவர் செய்த காரியம். கொடுத்தவர் அதைச் சர்க்கார் திட்டமென்று கருதாமல், தம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாம் போடும் சோறு என்றே கருதினார். அதனால் சமையற்காரர் ஒருநாள் வரவில்லையென்றாலும், பருப்பில் கல் கிடந்தாலும் கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

சோற்றில் தொடங்கிய இந்த உரிமையுணர்ச்சியே சீரமைப்பு மாநாடுகளில் வளர்ந்தது. எழுதப் பலகையும் உட்கார நாற்காலியும் சீருடையும் மட்டுமின்றி, கூரைக்கு ஓடும், சுற்றுச்சுவரும், குடிநீர் வசதியும், கழிப்பிடமும் ஊரார் நன்கொடையாகப் பல பள்ளிகளுக்குக் கிடைத்தன. மாநாட்டு மேடையில் மாலை மரியாதைகளும் நீண்ட பிரசங்கங்களும் இருந்திருக்கும். அவற்றை நாம் மறந்துவிடலாம். நல்ல தண்ணீரும் கழிப்பிடமும் கிடைத்த பள்ளியில் வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் குறையுமென்பதற்குப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. பூந்தமல்லியிலுள்ள பொதுச் சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்றுப் புறப்பட்ட ஊழியர்கள் கிராமந்தோறும் சொல்லிவந்த பாடமும் இதுவேதான்.

1961-இல் கேர் என்னும் தொண்டு ஸ்தாபனத்தின் உதவியால் அமெரிக்கப் பால்பவுடரும் எண்ணெயும் மாவும் கப்பலில் வந்திறங்கின. போஷாக்கு பெருகிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் கடல்கடந்து மூட்டை வருகையில், வீட்டிலிருக்கும் பிடி அரிசிக் கலயத்தின் மேல் எவருக்குத்தான் நினைவிருக்கும்? 1980-இல் மதுரை ஜில்லாக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கே தனி உணவு கொடுத்தது. உள்ளூர் மகளிர் குழுக்களை அந்த வேலையில் சேர்த்துக்கொண்டு, பழைய கூட்டுறவுக்கு ஓரளவு புத்துயிர் ஊட்டியது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி ஜில்லாப் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டமோ, முழுப் பொறுப்பையும் அரசாங்கத்தின் தோளிலேயே ஏற்றிவிட்டது. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. மழை பொய்த்த வருஷத்தில் ஊர்த் தர்மம் வற்றும், சட்டப்படி வரும் சோறு வற்றாது. 2022-இல் தொடங்கிய காலையுணவும் அதே வரிசையில் வருவது.

ஆனால் சோறு உரிமையானபோது, கேட்கும் உரிமை ஊராரின் கையிலிருந்து நழுவிவிட்டது என்பது என் அபிப்பிராயம். அதை மீட்க வழியும் இல்லாமலில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஏற்படுத்தியுள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென்பது விதி. காட்டுப்பாக்கம், பூந்தமல்லி வட்டாரத்தில் அரசுப் பள்ளிக்குக் குழந்தையை அனுப்பும் பெற்றோர், அந்தக் குழுவின் அடுத்த கூட்டம் என்றைக்கென்று தலைமையாசிரியரிடம் விசாரித்து, அன்று தவறாமல் போய் உட்கார்ந்து, சமையற்கூடத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் கழிப்பிடத்தையும் தம் கண்ணால் பார்த்துவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.