மூச்சிழுப்புக்கு அடிக்கும் பம்பு: பக்க விளைவுகள் பற்றி விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நெல் தூற்றும்போது கிளம்பும் தூசி, பூஞ்சணம் பிடித்த வைக்கோல், மிளகாய் வற்றல் நெடி, கோழிப்பண்ணைக் குப்பை. இவற்றோடு தினமும் புழங்கும் விவசாயிகள் பலருக்கு இழுப்பும் மூச்சுத்திணறலும் வருகின்றன. மருத்துவரிடம் போனால், சால்பியூட்டமால் என்ற மருந்து உள்ள பம்பை எழுதித் தருகிறார். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் இந்த இன்ஹேலரை அடித்த சில நிமிடங்களில் நெஞ்சு லேசாகிறது. ஆனால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. "இதயத்துக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று பயந்து பம்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுபவர்களும் உண்டு.

இந்த மருந்தின் எந்த விளைவுக்குப் பயப்பட வேண்டாம், எதற்குக் கட்டாயம் பயப்பட வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

நுரையீரலுக்குள் காற்று போகும் குழாய்களைச் சுற்றி மெல்லிய தசைகள் இருக்கின்றன. இழுப்பு வரும்போது இவை இறுகி, குழாய் சுருங்கிவிடுகிறது. சால்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்தி வழியைத் திறக்கிறது. சுமார் 5 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, 4 முதல் 6 மணி நேரம் வரை பலன் தரும்.

இதே மருந்து கொஞ்சம் இரத்தத்திலும் கலந்து கைத்தசையையும் இதயத்தையும் தூண்டுகிறது. நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் வருகின்றன.

பலருக்கும் வரக்கூடிய விளைவுகள்

- கை விரல்களில் லேசான நடுக்கம்
- நெஞ்சு படபடப்பு, நாடி வேகமாக ஓடுவது
- தலைவலி
- கெண்டைக்காலில் சதை பிடித்து இழுப்பது
- மனம் ஒரு நிலையில் இல்லாத பரபரப்பு, இரவில் தூக்கம் வராமை
- வாயிலும் தொண்டையிலும் எரிச்சல் அல்லது வறட்சி

இவை பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானாக அடங்கிவிடும். மருந்து உடலுக்குப் பழகப் பழகக் குறையும். இதற்காக மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் கை நடுக்கம் இருக்கும்போது டிராக்டர் ஓட்டுவது, தட்டை வெட்டும் இயந்திரத்தில் தீவனம் தள்ளுவது, மரம் ஏறுவது வேண்டாம். நடுக்கம் நின்ற பிறகு வேலையைத் தொடருங்கள். நடுக்கம் தொடர்ந்து தொல்லை கொடுத்தால் அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- நெஞ்சு வலி, மயக்கம், நாடி தாறுமாறாகத் துடிப்பது
- பம்பு அடித்தவுடன் இழுப்பு குறையாமல் மேலும் கூடுவது
- முகம், உதடு, நாக்கு வீங்குவது, உடலில் தடிப்பு வருவது
- கை கால் தசைகள் வழக்கத்துக்கு மாறாகத் தளர்ந்து போவது

கடைசியாகச் சொன்னது இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு குறைவதால் வரலாம். நெபுலைசர் மூலம் அதிக அளவு மருந்து எடுப்பவர்களுக்கும், சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை, ஸ்டீராய்டு மாத்திரை, தியோபிலின் கலந்த மாத்திரை ஆகியவற்றைச் சேர்த்து எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இதய நோய், இரத்த அழுத்தம், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, வலிப்பு நோய் இருந்தால் முன்பே சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, மருந்தின் அளவு கூடும்போது இரத்தச் சர்க்கரை ஏறலாம்.

புரோப்ரனலால், அட்டெனலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் பம்பின் வேலையைத் தடுக்கும். சிலருக்கு இழுப்பையே கூட்டிவிடும். கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டைமோலால் சொட்டு மருந்தும் அப்படித்தான். கண் மருந்துதானே என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

பம்பா, மாத்திரையா?

"பம்பு பழகினால் விட முடியாது, மாத்திரைதான் நல்லது" என்று ஊரில் சொல்வார்கள். இது தவறு. பம்பு போதைப் பழக்கத்தை உண்டாக்காது. பம்பை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் மருந்து. 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது அதைப்போல 40 மடங்கு. பம்பு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையோ வயிற்றில் கரைந்து, உடல் முழுவதும் சுற்றிய பிறகே நுரையீரலுக்கு வருகிறது. அதனால் மாத்திரையில் பலன் தாமதம், நடுக்கமும் படபடப்பும் அதிகம்.

தியோபிலின் கலந்த மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது இன்னும் ஆபத்தானது. அளவு சற்றுக் கூடினாலும் வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம். சிப்ரோபிளாக்சசின் போன்ற சில மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் அதன் அளவு இரத்தத்தில் ஏறிவிடும்.

அடிக்கடி தேவைப்படுவதுதான் பெரிய எச்சரிக்கை

இந்த பம்பு சுருங்கிய குழாயைத் திறக்கும். ஆனால் குழாயின் உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. வாரத்தில் 2 நாளுக்கு மேல் பம்பு தேவைப்பட்டாலோ, இரவில் இழுப்பு வந்து விழித்தாலோ நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். பொதுவாக ஒரு பம்பில் 200 முறை அழுத்தும் அளவுக்கு மருந்து இருக்கும். அது ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆஸ்துமாவுக்கு இந்த பம்பை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்றும், வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரும் வேண்டும் என்றும் 2019 முதல் உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த இன்ஹேலரை அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

பூச்சிமருந்து தெளித்த நாளில் மூச்சுத்திணறினால்

இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் உடலில் ஏறினாலும் இழுப்பும் தசைத் துடிப்பும் வரும். கூடவே அதிக வியர்வை, வாயில் எச்சில் ஒழுகுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, கண்ணின் கருமணி குண்டூசி முனை போலச் சுருங்குவது ஆகியவை இருக்கலாம். இது பம்பு அடித்துத் தீர்க்கும் இழுப்பு அல்ல. இதற்கு மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போட வேண்டும்.

துணியைக் கழற்றி, உடலை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். பூச்சிமருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துக்கொண்டு 108 ஆம்புலன்சில் உடனே செல்லுங்கள். தெளித்த நாளில் வரும் நடுக்கத்தை "பம்பு அடித்ததால்தான்" என்று நினைத்து வீட்டில் படுத்துவிடாதீர்கள்.

பக்க விளைவைக் குறைக்க

1. பம்பை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாயில் பொருத்தி உதட்டை மூடுங்கள்.
2. மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்துங்கள். 10 நொடி மூச்சை அடக்குங்கள்.
3. இரண்டாவது முறை அடிக்க அரை நிமிடமாவது பொறுங்கள்.
4. ஸ்பேசர் என்ற குடுவையை மாட்டி அடித்தால் தொண்டையில் தங்கும் மருந்து குறைந்து, நுரையீரலுக்கு அதிகம் போகும்.
5. டீ, காபியைக் குறைத்தால் படபடப்பும் குறையும்.
6. டிராக்டர் மீதும் மோட்டார் கொட்டகை வெயிலிலும் பம்பை வைக்காதீர்கள். தீர்ந்த பம்பைக் குப்பையோடு எரிக்காதீர்கள், வெடிக்கும்.

தூசி வேலைக்குப் போகும்போது வெறும் துண்டு போதாது, என்95 முகக்கவசம் அணியுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்று தூற்றுங்கள். பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்குத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை நிமிர்ந்து உட்கார்ந்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு முறையாக, 10 முறை வரை பம்பை அடிக்கலாம். அந்த நேரத்தில் கை நடுக்கத்துக்குப் பயந்து பம்பை விட்டுவிடாதீர்கள். நடுக்கம் அடங்கிவிடும், மூச்சு நின்றால்தான் ஆபத்து.